ரேடியேட்டரைக் கழுவியவர்கள்

புது ரேடியேட்டர் சுத்தமாக இருக்கும் என்று சொல்கிறவர், அதைக் கழுவிப் பார்க்காதவர். கம்ப்யூட்டருக்கென்றே செய்து, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்து வருகிற செம்பு ரேடியேட்டர் ஒன்றைப் பிரியுங்கள். சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு வாயையும் மூடி, நன்றாகக் குலுக்கி, வெள்ளைப் பாத்திரத்தில் கொட்டுங்கள். நீலமும் பச்சையும் கலந்து தண்ணீர் வரும். அடியில் கறுப்புத் தூள் தங்கும். விரலை விட்டுத் துழாவினால் கடுகைவிடச் சின்ன ஈயக் குண்டுகள் தட்டுப்படும். எதிலும் மாட்டாத, ஒரு நாள்கூட ஓடாத பொருளுக்குள் இத்தனை கசடு.

நான் சென்னை ரிச்சி தெருவை நம்பிப் பிழைக்கிறவன். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கும் கேம் விளையாடுகிறவர்களுக்கும் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுப்பது என் தொழில். தண்ணீரில் குளிரவைக்கும் இயந்திரம் வேண்டும் என்று வருகிறவர்களிடம், ரேடியேட்டரைக் கழுவ மட்டும் ஒரு நாள் வேண்டும் என்பேன். இந்தத் தொழிலின் சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் வெப்பத்தின் கதையாகவே சொல்லிவிடுகிறார்கள்: சில்லு இவ்வளவு சூடானது, அதனால் இவ்வளவு பெரிய விசிறி, அதுவும் போதாமல் தண்ணீர் என்று. கையில் ரேடியேட்டரைப் பிடித்து நிற்கிறவனுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. தண்ணீரைக் கொண்டு சூட்டை இறக்குவது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்த விஷயம். தண்ணீரையும் அது ஓடும் பாதையையும் சுத்தமாக வைத்திருப்பதுதான் தீராதது. அந்தக் கழுவும் வேலை காலத்துக்குக் காலம் யார் தலையில் விழுந்தது என்பதே எனக்குத் தெரிந்த சரித்திரம்.

முதலில் கார். 1886-இல் கார்ல் பென்ஸ் ஓட்டிய மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும்; போகப் போக ஊற்றிக்கொள்ள வேண்டும். ஆவியாகும் தண்ணீர் தன்னிடமிருந்த உப்பை மட்டும் உள்ளே விட்டுவிட்டுப் போகும். 1900-இல் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக், முதல் மெர்சிடிஸ் காருக்காகத் தேன்கூட்டு ரேடியேட்டரைச் செய்தார். 6 மில்லிமீட்டர் சதுர வாயுள்ள 8,070 சின்னக் குழாய்களை அடுக்கிப் பற்றவைத்த பெட்டி அது. குழாய்களுக்குள் காற்று போகும். குழாய்களுக்கு நடுவிலுள்ள குறுகிய சந்துகளில் தண்ணீர் ஓடும். குறைந்த தண்ணீரைக் கொண்டு எஞ்சினை நெடுநேரம் ஓட்ட முடிந்தது. அதற்குப் பிந்தைய கார் ரேடியேட்டர்கள் எல்லாமே இந்த யோசனையின் வாரிசுகள்தான். பின்னால் பித்தளையில் தட்டைக் குழாய், செம்பில் மடிப்புத் தகடு, இரண்டு பக்கமும் தொட்டி என்று அதன் உருவம் நிலைத்தது.

கசடின் பிறப்பு இந்தப் பற்றவைப்பில்தான். செம்பின் மேலும் பித்தளையின் மேலும் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அது இருக்கும்வரை உருகிய ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். படலத்தை அரிக்க ஒரு மருந்து வேண்டும், அதுதான் ஃபிளக்ஸ். ரேடியேட்டர் தொழிலில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் சேர்ந்த கலவை. இதில் அம்மோனியம் குளோரைடு நமக்குப் புதிதல்ல. தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் தூவித் துணியால் தேய்ப்பாரே, அந்த நவச்சாரம்தான் அது. ஈயம் பூசுகிறவர் வேலை முடிந்ததும் பாத்திரத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுவார். திறந்த பாத்திரம், மிச்சம் எல்லாம் போய்விடும். ரேடியேட்டரில் வெளிப்புறத்தைக் கழுவலாம். குழாய்களுக்குள் வழிந்து உறைந்ததை யார் தொடுவது? அது அங்கேயே இருக்கும். தண்ணீர் பட்டதும் கரைந்து செம்பைத் தின்னும். அந்த நீலப்பச்சை, கரைந்துவந்த செம்பின் நிறம்.

என் சித்தப்பா புதுப்பேட்டையில் ரேடியேட்டர் வேலை பார்த்தவர். பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் அந்தப் பேட்டையும் நான் புழங்கும் ரிச்சி தெருவும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. அவரிடம் வருகிற ரேடியேட்டர் எல்லாம் லாரிக்காரர்கள் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றி ஓட்டியவை: கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர். சென்னை உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் என்ன செய்யும் என்பதை, தொட்டியைப் பிரித்த மாத்திரத்தில் பார்க்கலாம். குழாய் வாயெல்லாம் சுண்ணாம்பு கட்டி, பாதிக்கு மேல் அடைந்திருக்கும். அவர் முறை இதுதான். ஊதுவிளக்கால் ஈயத்தை இளக்கி மேல்தொட்டியைக் கழற்றுவார். குழாய்கள் அடங்கிய நடுப்பகுதியை, அதாவது ‘கோரை’, காஸ்டிக் சோடாத் தொட்டியில் கொதிக்கப் போடுவார். வெளியே எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுச் சுரண்டுவார். அதற்கு ‘ராடு அடிக்கிறது’ என்று பெயர். பிறகு தண்ணீர் அடித்து, தொட்டியைத் திரும்பப் பற்றவைத்து, காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்.

அவர் கழுவியதெல்லாம் பழைய ரேடியேட்டர்கள். புதியதை அவர் கழுவியதே இல்லை. நான் புதியதைக் கழுவுவதைப் பார்த்து, “புதுசுல என்னடா இருக்கு? வண்டியில மாட்டி ஓட்டினா தன்னால போயிடும்” என்றார். காரைப் பொறுத்தவரை அது சரிதான். கார் எஞ்சினில் தண்ணீர் போகும் வழி விரல் நுழையும் அகலம். கொஞ்சம் ஃபிளக்ஸ், கொஞ்சம் ஈயத் தூள், வார்ப்பில் மிஞ்சிய மணல் எல்லாம் அதில் சுற்றிவரும். கூலன்ட் மாற்றும்போது கீழே போய்விடும். கசடு இருந்தது, ஆனால் அது யாரையும் தடுக்கவில்லை. ஆகவே தொழிற்சாலை கழுவவில்லை, வாங்கியவரும் கழுவவில்லை. வருஷங்கள் கழித்து மெக்கானிக் கழுவினார்.

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் வந்தது இந்த வழியாக அல்ல. 1960-களில் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 91 இயந்திரத்தில் காற்றையும் தண்ணீரையும் சேர்த்துப் பயன்படுத்தியது. பலகைகளுக்கு நடுவே சூடேறும் காற்றை, இடையிடையே வைத்த தண்ணீர்ச் சுருள்கள் குளிர்வித்தன. 1980-இல் அறிவித்த ஐபிஎம் 3081 இன்னும் நெருங்கிப் போனது. ஒரு பீங்கான் தகட்டில் 100-க்கும் மேற்பட்ட சில்லுகள். ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஸ்பிரிங் அழுத்தும் ஓர் அலுமினியப் பிஸ்டன். பெட்டிக்குள் ஹீலியம் வாயு. அதற்கு மேல் தண்ணீர் ஓடும் தகடு. தண்ணீர் சில்லைத் தொடாது, ஆனால் சில்லின் சூடு முழுவதும் தண்ணீருக்குப் போகும்.

அங்கே தண்ணீருக்கு இரண்டு சுற்று. கட்டடத்தின் குளிர்தண்ணீர் ஒரு சுற்று. கம்ப்யூட்டருக்குள் ஓடுவது அதோடு கலக்காத இன்னொரு சுற்று. நடுவில் சூட்டை மட்டும் கைமாற்றும் பெட்டி. 3081-க்கு அதை ஐபிஎம் 3087 என்று தனி எண் கொடுத்துத் தனி இயந்திரமாகவே விற்றார்கள். கட்டடத் தண்ணீரில் துரு இருக்கலாம், பாசி இருக்கலாம். உள்சுற்றுக்கு அது ஆகாது. அங்கே உப்பு நீக்கிய தண்ணீர். செம்பு அரிக்காமல் இருக்க பென்சோட்ரையசோல் என்ற மருந்தைச் சிறிதளவு கலப்பார்கள். அது செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து காக்கும். நான் இன்று வாங்கும் கம்ப்யூட்டர் கூலன்ட்டுகள் பலவற்றிலும் இதே மருந்தோ அதன் உறவுகளோதான் இருக்கின்றன.

கழுவும் வேலையும் தண்ணீரைக் காக்கும் வேலையும் அங்கே கம்பெனி ஆட்களுடையது. பெரிய கம்ப்யூட்டர் வாடகைக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ஓடிய காலம். வங்கிக்காரருக்கு உள்ளே தண்ணீர் இருப்பது தெரியும். அதில் என்ன மிதக்கிறது என்பது தெரிய வேண்டியதில்லை. 1990-களில் சிமாஸ் வகைச் சில்லுகள் வந்து, குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யத் தொடங்கியதும் ஐபிஎம் குழாய்களைக் கழற்றிவிட்டது. தண்ணீரைப் பற்றிக் கற்றவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அவர்கள் கற்றதும் கோப்புகளுக்குள் போய்விட்டது.

அதே பத்தாண்டின் முடிவில் தண்ணீர் மறுபடி வந்தது. இம்முறை கொண்டுவந்தவர்கள் கல்லூரிப் பையன்கள். 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ மலிவான சில்லு. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றதை 450-இல் ஓட்டலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வேகம் கூட்டினால் சூடு கூடும். விசிறிச் சத்தம் பொறுக்காமல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆர்வலர்கள் தண்ணீருக்குப் போனார்கள். கடையில் எதுவும் கிடையாது. மீன்தொட்டிக்குச் செய்த ஜெர்மன் ஐஹைம் பம்பு, இரும்புக்கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பிவிசி குழாய், வீட்டில் குடைந்த செம்புக் கட்டி. ரேடியேட்டருக்குக் காரைத்தான் தேடினார்கள்.

முன்னால் இருக்கும் பெரிய ரேடியேட்டர் பெட்டிக்குள் அடங்காது. குளிர்நாட்டுக் கார்களில் ஆள் உட்காரும் இடத்தைச் சூடாக்க உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். அந்த ‘ஹீட்டர் கோர்’ அளவு சரியாக இருந்தது. செவர்லே செவெட்டின் கோரும், 1977 பான்டியாக் பானவில்லின் கோரும் ஆர்வலர் வட்டாரத்தில் பேர்பெற்றவை. பழைய கார்களை உடைக்கும் முற்றங்களில் போய்க் கழற்றிவந்தார்கள். நீண்ட குழாயை வெட்டிக் குட்டி முனை பற்றவைத்தார்கள்; அதிகம் சூடு காட்டினால் பக்கத்துப் பற்று இளகிவிடும். அதை ஊதுவிளக்கு பிடித்த யாரும் அறிவார்கள். உள்ளே இருபது வருஷத்து கூலன்ட் கசடு. வினிகர் ஊற்றி ஊறவைத்தார்கள், சமையலறைக் குழாயில் மாட்டிச் சுடுதண்ணீர் விட்டார்கள். தண்ணீரில் கலக்கவும் கார்க்கடைச் சரக்குதான்: எதிலீன் கிளைக்கால், ரெட் லைன் நிறுவனம் பந்தயக் கார்களுக்குச் செய்த ‘வாட்டர் வெட்டர்’. மெக்கானிக்கின் வேலை முழுசாக வாங்கியவன் கைக்கு மாறியது இங்கேதான்.

ஆனாலும் அந்தக் காலத்தில் கழுவுவதில் யாரும் பெரிய கண்டிப்புக் காட்டவில்லை. சில்லின் மேல் உட்காரும் செம்புக் கட்டியில், அதாவது பிளாக்கில், வழி அகலமாக இருந்தது. டேஞ்சர் டென் நிறுவனத்தின் ‘மேஸ்’ பிளாக்குகளில் தண்ணீர் வளைந்து வளைந்து ஓடுவது மில்லிமீட்டர்கள் அகலமுள்ள வாய்க்காலில். ஒரு ஈயத் துணுக்கு வந்தால் வந்த வழியே போய்விடும்.

இதை மாற்றியது கசடு அல்ல, வாய்க்கால். 1981-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மேன், பீஸ் என்ற இருவர், சிலிக்கானின் முதுகிலேயே 50 மைக்ரான் அகலத்தில் பள்ளங்கள் வெட்டித் தண்ணீரை ஓட்டினார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 790 வாட் சூட்டை அகற்றிக் காட்டினார்கள். வாய்க்கால் குறுகக் குறுக உலோகத்தின் பரப்பு கூடும், சுவரோடு உரசும் தண்ணீரின் அளவும் கூடும், சூடு சட்டென இறங்கும். கணக்கு சரி, விலை மட்டும் ஆய்வகத்து விலை. 2000-களில் எந்திரங்கள் மலிவானபோது இந்த யோசனை கடைக்கு வந்தது. இன்றைக்கு நான் பிரிக்கிற பிளாக்குகளில் செம்புத் தகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஃபிளக்ஸ் படிகமும் ஈயக் குண்டும் நேரே அங்கே போய்ச் சிக்கும். ரேடியேட்டரும் பிளாக்கும் ஒரே சுற்றில் இருப்பதால், ரேடியேட்டரின் அழுக்கை வடிகட்டும் சல்லடையாகப் பிளாக் ஆகிவிடுகிறது.

கார்க்கோர் போய்க் கம்ப்யூட்டருக்கென்றே ரேடியேட்டர் வந்ததும் இதே காலத்தில். பிலிப்பைன்ஸின் ஹார்டுவேர் லேப்ஸ் ‘பிளாக் ஐஸ்’ என்ற பெயரில் 120 மில்லிமீட்டர் விசிறி பொருந்தும் அளவில் செய்தது, மற்றவர்களும் செய்தார்கள். உருவம் புதிது, விசிறிக்குத் துளைகள் புதிது, வண்ணப்பூச்சு புதிது. பித்தளைக் குழாய், செம்புத் தகடு, ஃபிளக்ஸ், பற்றவைப்பு எல்லாம் கார்த் தொழிலின் பழைய முறை. புதியதைக் கழுவாமல் அனுப்பும் பழக்கமும் கூடவே வந்தது. அகலமான எஞ்சினுக்குப் பொருந்திய பழக்கம், மயிரிழைச் சந்துக்கு வந்து சேர்ந்தது. நீலத் தண்ணீருக்குக் காரணம் இதுதான்.

அதிலிருந்து கழுவுவது ஒரு சடங்காயிற்று. முறைகளை ஆர்வலர்கள் தாங்களே அனுபவத்தில் தேற்றினார்கள். சுடுதண்ணீரில் பாதி நிரப்பிக் குலுக்க வேண்டும். முழுக்க நிரப்பினால் உள்ளே தண்ணீர் அசையாது. ஒரே பக்கம் இரண்டு வாயும் இருக்கிற ரேடியேட்டரில் எதிர்ப்பக்கத் தொட்டியின் மூலைகளில்தான் குண்டுகள் பதுங்கும். ஆகவே தலைகீழாக, பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பிக் குலுக்க வேண்டும். வெளியே வரும் தண்ணீரைக் காப்பி வடிகட்டும் காகிதத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். கடைசி அலசல் கட்டாயம் வடிநீரில். குழாய்த் தண்ணீரில் முடித்தால் ஃபிளக்ஸுக்குப் பதில் சுண்ணாம்பை விட்டுவைத்ததாகும். சென்னையில் இந்தக் கடைசி விதிக்கு எடை அதிகம். நான் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர் கேன்களைத்தான் வாங்கி அடுக்குகிறேன்.

வெறும் சுடுதண்ணீர் போதாதபோது அமிலம். வினிகரில் தொடங்கியவர்கள் எலுமிச்சை உப்புக்குப் போனார்கள். பிரிட்டனின் மேஹெம்ஸ் நிறுவனம் ‘பிளிட்ஸ்’ என்று இரண்டு பகுதியாகவே விற்றது: அமிலம் ரேடியேட்டருக்கு மட்டும், காரம் எல்லாவற்றையும் பூட்டிய பின் முழுச் சுற்றுக்கு. அமிலத்தை நிக்கல் பூசிய பிளாக்கில் விட்டால் பூச்சு போகும். அலுமினியத்தில் விட்டால் உலோகமே போகும். ஆகவேதான் பிரிவினை. சித்தப்பாவின் காஸ்டிக் தொட்டிக்கும் இதே ஞானம்தான்: அலுமினிய ரேடியேட்டர் வந்தால் அவர் அதை அந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுபோக மாட்டார்.

கழுவி முடித்தாலும் கசடு புதிதாகப் பிறக்கும். வளைகிற பிவிசி குழாய் வளைவதே அதில் கலந்த இளக்கி எண்ணெயால். சூடான தண்ணீரில் அது மெல்லக் கசிந்து, பிளாக்கின் தகடுகளில் வெண்பசையாக அப்பிக்கொள்ளும். அதனால்தான் பலர் கறுப்பு ஈபிடிஎம் ரப்பருக்கும், வளையாத அக்ரிலிக் குழாய்க்கும் மாறினார்கள். பாசிக்குப் பயந்து வெள்ளிச் சுருளைத் தண்ணீரில் போட்டார்கள். செப்புச் சல்பேட்டுச் சொட்டும் விட்டார்கள். பால்போல் ஒளி ஊடுருவாத வண்ணத் திரவங்களும் வந்தன. அந்த வண்ணம் தண்ணீரில் மிதக்கும் நுண்துகள். ஃபிளக்ஸ் மிச்சம் பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியத் தொடங்கும். அழகுக்காக ஊற்றியவர்கள்தான் கழுவுவதன் அருமையை முதலில் படித்தார்கள்.

இத்தனை பாட்டையும் மறைக்க ஒரு வழி கண்டார்கள்: மூடிவிடுவது. 2009-இல் டென்மார்க்கின் ஏசெடெக் செய்து, கோர்சேர் விற்ற ஹெச்50 போன்ற பெட்டிகளில் பம்பு, குழாய், ரேடியேட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடியவை. வாங்கியவர் திறக்கவே வேண்டாம். அதில் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம், சில்லைத் தொடும் தகடு செம்பு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரியும்; தடுப்பு மருந்து வேலை செய்கிறவரை அடங்கியிருக்கும். ரப்பர் குழாயின் சுவர் வழியே தண்ணீர் வருஷக்கணக்கில் சிறுகச் சிறுக ஆவியாகும். என்னிடம் வருகிற ஐந்தாறு வயதுப் பெட்டிகளைப் பிரித்தால் தகடுகளில் சேறு. இங்கே கழுவுகிறவர் யாருமில்லை. கழுவ வேண்டிய நாளில் தூக்கி எறிய வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு. கழுவும் கூலி புதுப்பெட்டியின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

இப்போது தண்ணீர் பெரிய கூடங்களுக்குத் திரும்பியிருக்கிறது. 2012-இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே கார்ஹிங்கில் சூப்பர்எம்யூசி 40 டிகிரி வெந்நீரிலேயே குளிர்ந்தது. 2024-இல் என்விடியா அறிவித்த ஜிபி200 என்விஎல்72 அலமாரியில் 72 வரைகலைச் செயலிகள். ஒரு அலமாரிக்கு 120 கிலோவாட் அளவுக்கு மின்சாரம். காற்றால் ஆகாது. அங்கேயும் மயிரிழைத் தகடுகள், செம்பு, கிளைக்கால் கலந்த தண்ணீர், இரண்டு சுற்று. ஐபிஎம் 3087-இன் வாரிசுகள் ஒவ்வொரு வரிசையின் முனையிலும் நிற்கின்றன. குழாய் பற்றவைத்து முடித்ததும் சர்வர்களை இணைக்க மாட்டார்கள். அவற்றைச் சுற்றிப் போகும்படி மாற்றுக் குழாய் போட்டு, தண்ணீரை வேகமாக ஓட்டி, பற்றுக் கசடும் எண்ணெயும் உலோகத் துருவலும் சல்லடையில் சிக்குகிறவரை அலசுவார்கள். மாதிரித் தண்ணீர் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வந்த பிறகே சர்வர்.

என் மேசையில் காப்பிக் காகிதத்தில் நடப்பதும் அதுவே; அளவுதான் வேறு. ஒரு வித்தியாசம் உண்டு, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஐபிஎம் காலத்தில் கழுவும் கூலி வாடகைக்குள் மறைந்திருந்தது. சித்தப்பாவுக்குப் பற்றவைத்ததற்குத்தான் காசு கொடுத்தார்கள். கழுவியது அதோடு போயிற்று. ஆர்வலர்கள் தூக்கம் கெட்டுச் சும்மா செய்தார்கள். தரவு மையத்தின் ஒப்பந்தத்தில்தான் அலசுவது தனி வேலையாக, தனி விலையோடு, முடிந்ததாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டிய வரியாக இடம்பெற்றிருக்கிறது. சின்ன ரேடியேட்டர் செய்யும் தொழிற்சாலைகளும் அந்த வரியைத் தங்கள் கணக்கில் சேர்க்கலாம். ரேடியேட்டருக்குச் சில நூறு ரூபாய் கூடும், அவ்வளவுதான். அதுவரை என் ரசீதில் கழுவியதற்கென்று தனி வரி எழுதுகிறேன். பேரம் பேசுகிறவர்கள் விசிறியில் குறைக்கச் சொல்லலாம், கேபிளில் குறைக்கச் சொல்லலாம். அந்த வரியில் நான் குறைப்பதில்லை.